முதலில் மாற்கா, யோவானா?

பைபிளைத் திறந்தே பார்க்காத ஒருவர் இயேசுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால், நம் சபைகளில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் பெரும்பாலும் யோவானைத்தான் கையில் கொடுக்கிறோம். சட்டைப் பையில் போகும் அளவில் தனிப் புத்தகமாகவே கிடைக்கும். இதற்குப் பெரிய இடத்து ஆதரவும் உண்டு. 1522இல் வெளியான தன் ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர், மற்ற மூன்று சுவிசேஷங்களையும்விட யோவானைத்தான் உயர்த்தி வைத்தார். மாற்குவின் கதை நேர் எதிர். பழங்காலச் சபைப் பிதா அகஸ்தீன் அவரை மத்தேயுவின் பின்னால் போய்ச் சுருக்கி எழுதியவராகவே பார்த்தார். 19ஆம் நூற்றாண்டில்தான் காற்று திரும்பியது. நான்கில் முதலில் எழுதப்பட்டது மாற்கு என்று இன்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள்.

எது முந்தியது என்பது இங்கே பிரச்சினை இல்லை. புதிதாக வாசிப்பவருக்கு இரட்சகரை எது எப்படி அறிமுகப்படுத்துகிறது என்பதுதான் கேள்வி. என் ஓட்டு மாற்குவுக்கு.

யோவான் முதல் அதிகாரத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். ஆதியிலே இருந்த வார்த்தை, தேவ ஆட்டுக்குட்டி, மேசியா, தேவனுடைய குமாரன், இஸ்ரவேலின் ராஜா என்று அந்த ஒரே அதிகாரத்தில் வரிசையாக வந்துவிடும். மாற்குவும் முதல் வசனத்தில் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்கிறார்தான். ஆனால் கதைக்குள் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. அசுத்த ஆவிகளுக்குத் தெரிகிறது, கூட இருக்கிற சீஷர்களுக்குத் தெரியவில்லை. சொந்தக்காரர்களே "மதிமயங்கியிருக்கிறார்" என்று பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள். 16 அதிகாரத்தில் எட்டாவதில்தான் பேதுரு "நீர் கிறிஸ்து" என்கிறார். சொன்ன கையோடு, பாடுபடப் போகிறேன் என்ற இயேசுவையே கடிந்துகொண்டு, "எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே" என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். தேவனுடைய குமாரன் என்று கதைக்குள் முதன்முதலில் ஒரு மனிதன் சொல்வது சிலுவையடியில்தான். அவனும் ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி. படிக்கிறவரும் அவர்களோடு சேர்ந்து தட்டுத் தடுமாறித்தான் அந்த இடத்துக்கு வர வேண்டியிருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு இந்தத் தடுமாற்றம் நல்லது என்று நினைக்கிறேன். பதிலை முதலிலேயே கொடுத்துவிட்டால் அவர் தலையாட்டிவிட்டு மூடிவைத்துவிடுவார்.

இரண்டும் எவ்வளவு வேறு என்று பார்க்க, பிடிபட்ட இரவை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். மாற்கு 14இல் இயேசு கெத்செமனே தோட்டத்தில் திகிலடைகிறார், தரையிலே விழுகிறார், இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும் என்று கெஞ்சுகிறார். மூன்று முறை வந்து பார்த்தால் மூன்று முறையும் சீஷர்கள் தூங்குகிறார்கள். யோவான் 18இல் அந்தக் கெஞ்சல் இல்லை. பந்தங்களோடும் ஆயுதங்களோடும் வந்தவர்களிடம் அவரே முன்னால் போய் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்கிறார். நான்தான் என்றதும் அவர்கள் பின்னிட்டுத் தரையிலே விழுகிறார்கள். ஒன்றில் விழுவது அவர், மற்றதில் விழுவது பிடிக்க வந்தவர்கள். சிலுவையிலும் அப்படித்தான். மாற்குவில் ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற ஒரே கேள்வி, அப்புறம் ஒரு மகா சத்தம். யோவானில் தாயைச் சீஷனிடம் ஒப்படைத்து, "முடிந்தது" என்று சொல்லித் தலையைச் சாய்க்கிறார்.

இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்பவர்கள் உண்டு. சபை இரண்டையும் வைத்துக்கொண்டதற்குக் காரணமே, ஒன்று மட்டும் போதாது என்பதுதான். யோவான் மனித முகத்தைக் காட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. கிணற்றடியில் களைத்துப்போய் உட்காருகிறார், லாசருவின் கல்லறையண்டை அழுகிறார். ஆனால் திகிலடைந்த இயேசுவை முதலில் பார்த்தவருக்கு அந்த அமைதியான இயேசுவின் கனம் புரியும். வரிசை மாறினால் கெத்செமனே ஒரு சங்கடமாகவே படும்.

மாற்குவில் குறை இல்லாமல் இல்லை. பெத்லகேம் இல்லை, மலைப்பிரசங்கம் இல்லை, பரமண்டல ஜெபமும் இல்லை. கிறிஸ்துமஸ் கதையை எதிர்பார்த்துத் திறப்பவர் ஏமாந்துபோவார். முடிவு இன்னும் சிக்கல். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் என்ற கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும், பெண்கள் பயந்து கல்லறையிலிருந்து ஓடி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்ததோடு, அதாவது 16:8இல், கதை நின்றுவிடுகிறது. நம் பைபிளில் இருக்கும் கடைசி 12 வசனம் அவற்றில் இல்லை. விசுவாசிகள் பாம்புகளைப் பிடிப்பார்கள் என்ற வசனம் இந்தப் பகுதியில்தான் வருகிறது. அதை மட்டும் வைத்து உபதேசம் கட்டுகிறவர்களைக் கண்டால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

யோவானில் புதியவர் சிக்கிக்கொள்ளும் இடம் வேறு. 13 முதல் 17 வரை ஐந்து அதிகாரமும் கிட்டத்தட்ட முழுக்கப் பேச்சு. ஏற்கெனவே நேசிக்கிறவருக்கு அது தேன், முதல்முறை படிப்பவருக்கு மூச்சு முட்டும். "யூதர்கள்" என்று எதிராளிகளைச் சொல்லும் இடங்களைத் தனியாகப் படித்தால், ஒரு இனத்தையே குற்றவாளி ஆக்குவதுபோல் தோன்றும். சரித்திரத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு பெரும் அநியாயம் செய்தவர்களும் உண்டு. பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால் நல்லது.

மத்தேயு? பழைய ஏற்பாடு தெரிந்தவருக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. தெரியாதவர் முதல் பக்கத்து வம்சவரலாற்றிலேயே நின்றுவிடுவார். லூக்கா கடும் போட்டி கொடுப்பார். கெட்ட குமாரன் கதையை வேறு யாரும் எழுதவில்லை. நீளம்தான் தடை.

மாற்குவை ஒரே மூச்சில் படிக்கச் சொல்லுங்கள். சத்தமாக வாசித்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கத்தில்தான் ஆகும். யோவானை அப்புறம் நாளுக்கு ஒரு அதிகாரமாக எடுத்தால் மூன்று வாரம். ஒரே ஒரு விதிவிலக்கு: சாவு விழுந்த வீட்டிலோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலோ இருப்பவரிடம் இந்த வரிசையெல்லாம் பேசக் கூடாது. அங்கே நேராக லாசரு உயிரோடு எழும்பும் யோவான் 11, பிறகு "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்று தொடங்கும் 14.