பழைய சம்பளத்தைக் கேட்பதா, புதிய சம்பளத்தைச் சொல்வதா?

மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் இருக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. வருபவர்கள் நிரப்பும் படிவத்தில் ஒன்பதாவது கட்டம் ‘தற்போது வாங்கும் சம்பளம்’, பத்தாவது ‘எதிர்பார்க்கும் சம்பளம்’. பதினொரு வருடம் அந்த ஒன்பதாவது கட்டத்தைத்தான் நான் முதலில் பார்த்து வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கடைசியில் தேறியவர்கள் ஒரு ஆண், ஒரு பெண். இருவரும் பி.காம்., இருவருக்கும் ஐந்து வருட அனுபவம், இருவருக்கும் டேலி கணக்கு மென்பொருள் அத்துபடி. அந்த ஆண் சென்னையில் 24,000 வாங்கிக்கொண்டிருந்தார். திருமங்கலத்திலிருந்து வந்த அந்தப் பெண், குழந்தை பிறந்து இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கிடைத்த சம்பளத்துக்குச் சேர்ந்தவர். பே ஸ்லிப் கேட்டோம். 14,000 என்ற எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்தபடியே தாளை நீட்டினார். கொள்முதல் பதிவேட்டையும் ஜிஎஸ்டி தளம் தரும் கொள்முதல் பட்டியலான ஜிஎஸ்டிஆர் 2பி-யையும் ஒத்துப் பார்க்கச் சொன்னபோது, விடுபட்டிருந்த மூன்று பில்லையும் முதலில் கண்டுபிடித்தது அவர்தான்.

முதலாளி நல்லவர். “ரெண்டு பேருக்கும் வாங்குறதுக்கு மேல 25 சதவீதம் போட்டுக் கொடுத்துருங்க” என்றார். ஆணுக்கு 30,000, பெண்ணுக்கு 17,500. பக்கத்துப் பக்கத்து மேசை, ஒரே வேலை. 10,000 ஆக இருந்த வித்தியாசம் 12,500 ஆனது. இருவரும் இன்னொரு இடத்துக்குப் போய் அங்கும் அதே 25 சதவீதம் கிடைத்தால் வித்தியாசம் 15,625. யாரும் யாரையும் வஞ்சிக்கவில்லை. சதவீதமும் ஒன்றுதான். ஆனால் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகிறது.

எனக்குத் தெரிந்து சம்பளம் பேச மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, நாம் எல்லோரும் செய்வது: மூன்று மாத பே ஸ்லிப்பை வாங்கி, அதன் மேல் ஒரு சதவீதம் வைப்பது. நேரம் மிச்சம், பட்ஜெட்டுக்குள் வருவாரா என்று உடனே தெரிந்துவிடும் என்பார்கள். அது உண்மைதான். அனுபவத்தைச் சரிபார்க்கவும் வேண்டும் என்பார்கள். அதற்கு ரிலீவிங் லெட்டர் போதும், தொகை எதற்கு? மதுரையிலிருந்து சென்னைக்குப் போகிறவருக்கு இந்த முறை இன்னும் கொடுமை. மதுரைச் சம்பளத்தின் மேல் 30 சதவீதம் கொடுத்துவிட்டு ‘நல்ல ஹைக்’ என்பார்கள். வேளச்சேரி வீட்டு வாடகை மதுரை பே ஸ்லிப்பைப் பார்த்து நிர்ணயமாவதில்லை.

இரண்டாவது, கேட்கவே கூடாது என்று தடுப்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-ல் இதைச் சட்டமாக்கியது, 2018 ஜூலையில் அமலுக்கு வந்தது. நியூயார்க் நகரம் 2017 அக்டோபர் 31 முதலும், கலிபோர்னியா 2018 ஜனவரி முதலும் தடுத்தன. இதன் பின்னணியைப் புரிந்துகொள்ள எய்லீன் ரிசோவின் வழக்கு உதவும். கலிபோர்னியாவின் பிரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகத்தில் 2009-ல் கணிதப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். முந்தைய சம்பளத்தோடு 5 சதவீதம் சேர்ப்பது அங்கே விதி. தனக்குப் பின்னால் சேர்ந்த ஆண் ஒருவருக்கு அதிகச் சம்பளம் என்று 2012-ல் மதியச் சாப்பாட்டுப் பேச்சில்தான் அவருக்குத் தெரியவந்தது. ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பதற்குப் பழைய சம்பளத்தைக் காரணமாகக் காட்ட முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. படித்தபோது எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

தடைக்குப் பலனும் இருந்தது. தடை வந்த மாநிலங்களில் வேலை மாறியவர்களின் சம்பளம் மற்ற இடங்களைவிட 5 முதல் 6 சதவீதம் கூடியதாகவும், பெண்களுக்கு 8 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 13 சதவீதம் கூடியதாகவும் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் கணக்கிட்டார்கள்.

ஆனாலும் இதில் ஓட்டை இருக்கிறது. நல்ல சம்பளம் வாங்குகிறவர் கேட்காமலே சொல்லிவிடுவார். சொல்லாதவருக்குக் குறைவாகத்தான் இருக்கும் என்று எதிரில் இருப்பவர் முடிவுகட்டிவிடுவார். அதைவிடப் பெரிய ஓட்டை என் படிவத்திலேயே இருந்தது. ஒன்பதாவது கட்டத்தை எடுத்துவிட்டாலும் பத்தாவது கட்டம் இருக்கிறதே! 14,000 வாங்குகிறவர் எதிர்பார்ப்பு என்ற இடத்தில் 30,000 எழுதமாட்டார். 17,000 எழுதி, அதையும் அடித்து 16,500 என்று திருத்துவார். இப்படித் திருத்திய படிவங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், திருத்தியவர்களில் பெரும்பாலும் பெண்கள். பழைய சம்பளம் எதிர்பார்ப்பு என்ற பெயரில் திரும்ப உள்ளே வந்துவிடுகிறது.

அதனால்தான் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: விளம்பரத்திலேயே சம்பளத்தைப் போட்டுவிடுவது. கொலராடோ 2021 ஜனவரியிலிருந்து இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கலிபோர்னியாவில் 2023 முதல் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் விளம்பரத்தில் சம்பள வரம்பைச் சொல்ல வேண்டும். 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த உத்தரவு இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: நேர்காணலுக்கு முன்பே வரம்பைத் தெரிவிக்க வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கவும் கூடாது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க வைத்த கெடு 2026 ஜூன் 7.

இது நமக்குப் புதிதும் இல்லை. டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையில் பதவிக்கு எதிரே சம்பள விகிதம் அச்சாகியிருக்கிறது. குரூப் 4 இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-ல் தொடங்கும் என்பது படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், யாரும் பழைய பே ஸ்லிப் கேட்பதில்லை. மாட்டுத்தாவணி பக்கச் சுவர்களில் ‘தையல் ஆட்கள் தேவை’ என்று ஒட்டுகிற நோட்டீஸிலும் சம்பளத் தொகை இருக்கிறது. பட்டதாரி வேலை என்றதும்தான் ‘தகுதிக்கேற்ப ஊதியம்’ ஆகிவிடுகிறது.

இதிலும் தப்பிக்க வழி உண்டு. 15,000 முதல் 60,000 வரை என்று போட்டால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். வரம்பு குறுகலாக இருக்க வேண்டும், எந்தத் திறமைக்கு மேல்முனை என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976-ன் சம ஊதியச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் பழைய சம்பளத்தைக் கேட்காதே என்றோ, விளம்பரத்தில் தொகையைப் போடு என்றோ சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பாகுபாடு நுழைகிற வாசல் திறந்தே கிடக்கிறது.

போன வருடம் படிவத்திலிருந்து இரண்டு கட்டங்களையும் எடுத்துவிட்டு, அதே நிறுவனத்திடம் “கணக்கு வேலைக்கு 22,000 முதல் 30,000 வரை என்று போடுவோம்” என்றேன். முதலாளி யோசித்தது பணத்துக்காக இல்லை. “உள்ள இருக்குறவங்க பாத்தா என்ன சொல்றது?” என்றார். பல முதலாளிகளை இந்த வழிக்கு வரவிடாமல் தடுப்பது இந்தக் கேள்விதான். அப்படியானால் முதலில் உள்ளே இருப்பவர்களின் பட்டியலை எடுப்போம் என்றேன்.

பட்டியலின் கடைசி வரியில் திருமங்கலத்துப் பெண். வருட உயர்வு சேர்ந்தும் 19,000. புதிதாக வருகிறவருக்குச் சொல்லப்போகும் தொடக்கச் சம்பளத்தைவிட 3,000 குறைவு. முதலாளி அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் சம்பளம் 26,000 ஆனது, விளம்பரமும் தொகையோடு வெளியானது. பக்கத்து மேசைக்காரருக்கு அப்போது 32,500. மீதி வித்தியாசத்தையும், கடந்துபோன மாதங்களுக்கான பாக்கியையும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.