வீட்டு ஃபிரிட்ஜுக்கு வருஷா வருஷம் கேஸ் அடிக்கியளா?

என் கார் ஏசியைச் சரிசெய்து தந்த மெக்கானிக்கின் கடைப் பெயரை இங்கே போடவில்லை. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் டீச்சர், இப்பமே வண்டி நிறுத்த எடம் இல்ல" என்றார். திங்கள்சந்தையிலிருந்து குளச்சல் போகிற ரோட்டில், பூட்டிக் கிடக்கிற ஒரு முந்திரி ஆலைக்கு எதிரே தகரக் கொட்டகை. எப்போது போனாலும் இரண்டு மூன்று கார் பானட்டைத் திறந்துகொண்டு நிற்கும். கார் ஏசி வேலை மட்டும்தான் செய்கிறார். கிளட்ச், பிரேக் என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே ஆசான்தான். எங்கள் மாவட்டத்தில் வர்மம் பார்க்கிறவர் ஆசான், களரி சொல்லித் தருகிறவர் ஆசான். கார் ஏசிக்கு ஓர் ஆசான் இருப்பார் என்று நான் நினைத்ததில்லை.

எனக்கு வீடு குளச்சலில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஜன்னல் கம்பி, கேட் கொண்டி, சைக்கிள் செயின் எதுவும் எங்கள் தெருவில் முழு ஆயுசு இருந்ததில்லை. வேலை நாகர்கோவிலில், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல். வண்டி 2015-இல் வாங்கிய சின்ன கார். போன ஏப்ரலில் ஏசியில் குளிர் குறைந்தது. நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினேன். "கேஸ் தீந்துபோச்சு, வருஷம் ஒரு தடவை போட்டே ஆகணும்" என்றார்கள். 2,000 ரூபாய். செப்டம்பரில் மறுபடி வெறும் காற்று. அதே கடை, இந்தத் தடவை கேஸோடு ஏதோ பச்சைச் சாயமும் ஏற்றி 2,300. கிறிஸ்துமஸ் முடியுமுன் அதுவும் போய்விட்டது. மழைக்குப் பிறகான குளிர் என்பதால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிச் சமாளித்தேன். பிப்ரவரியில் தக்கலைப் பக்கம் வேறொரு கடை, 2,200. அது 19 நாள் தாங்கியது.

இருபதாம் நாள் மண்டைக்காடு கோயில் கொடைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். பக்கத்து இருக்கையில் என் அம்மை. வண்டி ஊர்கிறது, உள்ளே அடுப்படி மாதிரி புழுக்கம். "இந்த ஏசிக்கு ஓலை விசிறி கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வீசிக்கொண்டாள். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் புலம்பியபோது ஒரு சக ஆசிரியை ஆசானிடம் போகச் சொன்னார்.

போன உடனே நான் செய்த தப்பு, "ஆசானே, கேஸ் போடணும்" என்று சொன்னது. நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜுக்கு வருஷா வருஷம் கேஸ் அடிக்கியளா?"

இல்லை.

"பின்ன இதுக்கு மட்டும் எதுக்கு? கேஸு தேயுறதுக்கு அது என்ன டயராக்கும்? போட்ட கேஸு உள்ளதான் சுத்தும். கொறஞ்சா ஓட்டை இருக்குண்ணு அர்த்தம். ஓட்டைய பாக்காம நான் கேஸு போடமாட்டேன். அதுக்கு வேற கடை இருக்கு."

மூடிய சுற்று, ஆவியாதல், குளிர்தல் என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் படம் போடுகிறவள் நான். குளிர்பதனியின் வாயு தீராது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூன்று தடவை காசு கொடுத்திருக்கிறேன். பாடத்தில் இருப்பது வேறு, பானட்டுக்குள் இருப்பது வேறு என்று மனசு எப்படியோ பிரித்து வைத்திருக்கிறது.

முதல் அரை மணி நேரம் வெறும் விசாரணை. ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் நின்றது? ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகிறதா? முன்னால் காலடி மேட் நனைகிறதா? பிறகு அழுத்தம் காட்டுகிற மானிஃபோல்டு கேஜை மாட்டினார், அழுத்தம் குறைந்த பக்கம் நீலம், கூடின பக்கம் சிவப்பு. எஞ்சின் ஓடாமலே முள் 95 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்த அளவு) பக்கம் நின்றது. "அப்போ கேஸ் இருக்கே" என்றேன். அதற்கு அவர் சொன்னதை இப்போது வகுப்பிலும் சொல்கிறேன்: "அடுப்பு சிலிண்டர் தீருற அன்னைக்கு வரைக்கும் தீ நல்லாதானே எரியும்? தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்." அதாவது, உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், அளவு அல்ல. தெவிட்டிய ஆவி அழுத்தம். என் கார் ஏசியில் ஓடுகிற கேஸான ஆர்-134ஏ என்றால் 30 டிகிரியில் அது கிட்டத்தட்ட 97 பி.எஸ்.ஐ. பாதி போயிருந்தாலும் அதே முள், அதே இடம்.

அதனால் அவர் தூக்கித்தான் பார்க்கிறார். பழைய மெஷின் ஒன்று வைத்து, இருந்த கேஸை உறிஞ்சித் தராசில் நிறுத்தார். 130 கிராம். பானட்டுக்குள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 400 என்று இருக்கிறது. 270 கிராம் எங்கே என்று கேட்டால், அவ்வளவும் 19 நாளில் போனதா, முந்தின கடையில் முழுசாகப் போட்டார்களா என்றே அவரால் சொல்ல முடியவில்லை. நிறுக்காமல் கேஜைப் பார்த்துப் போட்டதற்குக் கணக்கு கிடையாது.

அப்புறம் தேடல். நான் எதிர்பார்த்தது கன்டென்சர், கேஸின் சூட்டை வெளியே விடுகிற பாகம். முன்னால் கிரில்லுக்குப் பின்னே அதன் தகடுகள் வெள்ளைப் பொடி பூத்து, கைபட்டால் உதிர்கிற நிலை, கடற்காற்றின் வேலை. தக்கலைக் கடையில்கூட "அடுத்த தடவை கன்டென்சர் மாத்திரலாம், ஆறாயிரம் ஆகும்" என்று சொல்லியிருந்தார்கள். ஆசான் அதை அசட்டை செய்யவும் இல்லை, நம்பவும் இல்லை. கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரெசரின் ஆயில், கேஸோடு கலந்தே சுற்றும். கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் கசியும், அதில் தூசி பிடித்துக் கறுக்கும். அந்தக் கறுப்பை டார்ச் வைத்து ஒவ்வொரு ஜாயின்டாகத் தேடினார். கன்டென்சரில் இல்லை. கேஸ் ஏற்றுகிற வால்வில் இருந்தது. மூடியைத் திறந்து சோப்பு வெள்ளம் ஒரு சொட்டு விட்டதும் சின்னதாக ஒரு குமிழ். கார் டயரில் இருப்பது போன்ற வால்வு பின்தான். எனக்கு ஒரே சந்தோஷம், ஒரு பின்னோடு முடிந்ததே என்று.

"இது ஒரு திருடன். பெரிய திருடன் வேற" என்றார்.

தக்கலைக் கடையில் வேக்குவம் போட்டு (உள்ளே இருப்பதையெல்லாம் பம்பால் உறிஞ்சி), "முள் நிக்குது, லீக் இல்லை" என்று என்னிடம் காட்டியிருந்தார்கள். அதைச் சொன்னேன். வேக்குவத்தில் வெளிக்காற்று உள்ளே தள்ளுவது வெறும் 15 பவுண்டு அழுத்தம். வண்டி ஓடும்போது சிவப்புப் பக்கம் உள்ளிருந்து வெளியே தள்ளுவது 200-க்கு மேல். சின்ன ஓட்டை 15-க்கு வாய் திறக்காது. ஆகவே நைட்ரஜன். டயருக்கு அடிக்கிற காற்றை ஏற்றினால் அதிலுள்ள ஈரம் உள்ளே போய்விடும், நைட்ரஜன் உலர்ந்தது. அதோடு துளி ஆர்-134ஏ கலந்து 150-க்கு ஏற்றி மூடினார். எதிர்க் கடையில் கட்டஞ்சாயாவும் ரசவடையும் வாங்கிவந்து உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷத்தில் முள் 142.

கண்டுபிடித்தது மேலே அல்ல, வண்டிக்கு அடியில். ஏசி ஓடும்போது காருக்குக் கீழே தண்ணீர் சொட்டுமே, அந்தக் குழாய். (சொட்டுவது நல்லது. அதை லீக் என்று பயந்து வருகிறவர்கள் நிறைய என்றார். சொட்டாமல் காலடி மேட் நனைந்தால்தான் குழாய் அடைத்திருக்கிறது.) ஆர்-134ஏ ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனம். கசிந்தால் வழிந்து கீழே இறங்கும். புளோயரை அணைத்துக் கால் மணி நேரம் விட்டு, மோப்பம் பிடிக்கிற டிடெக்டரின் முனையை அந்தக் குழாய் வாயில் வைத்தார். கீ... என்று ஒரே அலறல். அப்புறம் கொட்டகையின் கதவைச் சாத்திவிட்டு நீல டார்ச் ஒன்றை அடித்தார். குழாயின் உதட்டில் பச்சை மஞ்சளாக ஒரு மினுக்கம். செப்டம்பரில் நான் காசு கொடுத்து ஏற்றிய அதே சாயம். ஆறு மாசமாக அது அங்கே சொட்டிக்கொண்டு இருந்திருக்கிறது, டார்ச் அடித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. சாயம் போட்ட கடைக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

எவாப்பரேட்டர். காற்றைக் குளிர வைக்கிற, அந்தக் குழாய்த் தண்ணீர் வருகிற சாமான், டேஷ்போர்டுக்குள்ளே புதைந்து கிடக்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து கிளவ் பாக்ஸ் வரை கழற்றினால்தான் வெளியே வரும். மூன்று நாள் என்றார், ஐந்து நாள் ஆனது. நடுவில் போன் பண்ணினால் எடுக்கவே மாட்டார். பஸ்ஸில் பள்ளிக்குப் போய்வந்தேன். நாலாம் நாள் நேரிலேயே போய் நின்றபோது, கழற்றி வைத்திருந்ததைக் காட்டினார். தகடுகளுக்கு நடுவே வேப்பிலைச் சருகு, தேங்காய்ச் சவுரி, மண், எல்லாம் ஈரத்தில் ஊறி ஒரு அப்பம் மாதிரி. ஓரத்தில் அலுமினியம் அரித்திருந்தது. நைட்ரஜன் ஏற்றி அதை ஒரு பக்கெட் வெள்ளத்தில் முக்கினார். ஒரே இடத்திலிருந்து, நூல் பிடித்த மாதிரி குமிழ்கள். கிணற்றில் அடியில் கிடக்கிற மீன் மூச்சு விடுவது போல, அவசரமே இல்லாமல். 6,500 ரூபாய் போன வழி அதுதான்.

என் காரில் உள்ளே வருகிற காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் வைக்க இடம் இருக்கிறது, ஃபில்டர்தான் இல்லை. பிளாஸ்டிக் மூடி போட்டு விற்றிருக்கிறார்கள். 250 ரூபாய்க்கு ஒன்று வாங்கிச் சொருகினார்.

புது எவாப்பரேட்டர் 3,400, கூலி 3,500. எக்ஸ்பான்ஷன் வால்வு (கேஸ் சின்னத் துளை வழியாகப் புகுகிற இடம்), டிரையர், பச்சை ஓ-ரிங்குகள், ஆயில், கேஸ் எல்லாம் சேர்த்து, ஃபில்டரோடு 9,810. டிரையர் எதற்கு என்று கேட்டேன். சுற்று திறந்து கிடந்த நாட்களில் அதற்குள் இருக்கிற மணிகள் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும், பிறகு அது வேலைக்கு ஆகாது. மிஞ்சின ஈரத்தை எடுக்கத்தான் வேக்குவம். 45 நிமிஷம் பம்ப் ஓடியது. காற்றழுத்தம் 24-இல் ஒரு பங்குக்கு இறங்கினால் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவியைப் பம்ப் இழுத்துக்கொள்ளும். பத்து நிமிஷம் பம்பை ஓட்டிவிட்டுக் கேஸ் அடிக்கிற கடைகளில் அந்த ஈரம் உள்ளேயே தங்கி, ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, உலோகத்தை அரிக்க ஆரம்பிக்கும். அடுத்த ஓட்டைக்கு விதை.

கேஸைத் தராசில் வைத்து 400 கிராம் காட்டிவிட்டுத்தான் வால்வை மூடினார். வெளியே 33 டிகிரி, காற்று வருகிற வாயில் தெர்மாமீட்டர் 8 காட்டியது.

டப்பாவில் வருகிற லீக் அடைப்பான் பற்றியும் கேட்டேன், அதுவும் ஒரு கடையில் சொல்லியிருந்தார்கள். "அத ஏத்தின வண்டிய என் மெஷின்ல மாட்டமாட்டேன்" என்றார். ஓட்டையோடு எக்ஸ்பான்ஷன் வால்வையும் மெஷினின் குழாயையும் சேர்த்து அடைத்துவிடுமாம்.

குறைகள் சொல்லாமல் விட்டால் இது விளம்பரம் ஆகிவிடும். பில் கிடையாது, நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து எழுதித் தருகிறார். உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் ஸ்பேனர் கிடக்கும். பெண்கள் அரை நாள் காத்திருக்கிற இடமே அல்ல. பாத்ரூமுக்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் கேட்க வேண்டும். வண்டியை எடுத்துவந்த அன்று காலடியில் ஒரு ஸ்குரூ உருண்டது. எங்கே உள்ளது என்று அதைக் கொண்டுபோய்க் காட்டினால், "ஒண்ணும் இல்ல, அது எக்ஸ்ட்ரா" என்கிறார். கார் கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா ஸ்குரூ போட்டு அனுப்புவானா?

இந்த வாயு ஓசோனைக் கெடுக்காது, ஆனால் புவி வெப்பமாதலில் ஒரு கிலோ ஆர்-134ஏ 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று நானே பாடம் எடுக்கிறேன். ஒரு வருஷத்தில் நான் வானத்துக்கு அனுப்பியதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியை என்ற என் பெயர்ப்பலகையைக் கொஞ்ச நாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது நாலு மாசம். ஆனிச் சாரலில் வில்லுக்குறி பக்கம் கண்ணாடி முழுக்கப் பனி பிடித்தபோது ஏசியைப் போட்டதும் அரை நிமிஷத்தில் தெளிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், அதே 8. போகிறவர்கள் காலை எட்டுக்குள் போங்கள், முந்தின கடைகளில் என்ன என்ன ஏற்றினார்கள் என்பதை எழுதிக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார். கேஸ் மட்டும் போதும் என்கிறவர்கள் போக வேண்டாம், வசவுதான் கிடைக்கும்.

டேஷ்போர்டின் இடது மூலை மட்டும் மேடு பள்ளத்தில் கடகட என்கிறது. அந்த ஸ்குரூவைப் பர்ஸிலேயே வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கொண்டு போகணும்.