ஆன்லைன் ‘சம்மர் பல்ப் காம்போ’: மதுரை மொட்டைமாடியில் எது பூத்தது, எது அழுகியது

பிப்ரவரி பிறந்தால் போதும், போனைத் திறந்தால் இந்த விளம்பரம்தான். கோடையில் பூக்கும் கிழங்குகள், ஒரே டப்பாவில் ஏழு வகை, நட்டால் போதும் பூ நிச்சயம் என்று. டாலியா, கிளாடியோலஸ், ஓரியண்டல் லில்லி, அமரில்லிஸ், ஃபுட்பால் லில்லி, ரெயின் லில்லி, சம்பங்கி. போன வருடம் கோடைக்கு முன்னால் வாங்கி, இந்த வருடக் கோடையையும் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் கிழங்குச் செடிக்கு முதல் வருடத்தை மட்டும் வைத்து எழுதும் விமர்சனத்துக்கு மதிப்பே கிடையாது, ஏன் என்று கீழே வருகிறேன். கடை பெயரைக் கேட்காதீர்கள். இதே டப்பாவை இதே படங்களோடு எத்தனையோ பேர் விற்கிறார்கள், ஒருவரை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மதுரை, திருச்சி, வேலூர் மாதிரி வெயில் ஊர் என்றால் காம்போ வேண்டாம். உள்ளே இருப்பதில் நாலு வகை நம் ஊருக்கு அருமையானவை, அவற்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், செலவும் நன்றாகக் குறையும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு, அவர்கள் தாராளமாக வாங்கலாம். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு.

இந்தக் காம்போவின் அடிப்படைக் கோளாறு ‘கோடை’ யாருடைய கோடை என்பதில்தான் இருக்கிறது. டாலியாவையும் கிளாடியோலஸையும் ‘சம்மர் பல்ப்’ என்று சொல்கிற வழக்கம் ஐரோப்பாவில் இருந்து வந்தது. அங்கே ஏப்ரல், மே மாதத்தில் உறைபனி போனதும் நடுவார்கள், ஜூலையில் இருந்து பூக்கும். நெதர்லாந்தில் ஜூலை மாதப் பகல் வெயில் 22, 23 டிகிரி. நமக்கு அது மார்கழி விடியற்காலை. இங்கே ஏப்ரல் கடைசியில் 38, 40 டிகிரியில் மொட்டைமாடித் தரையில் கால் வைக்க முடியாது, அந்த நேரத்தில் போய் டாலியா பூக்கும் என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். சமவெளியில் டாலியா, கிளாடியோலஸ் இரண்டையும் செப்டம்பர், அக்டோபரில் நட்டு குளிர்காலத்தில் பூ பார்ப்பதுதான் வழக்கம். மே மாதத்திலேயே டாலியா பார்க்க வேண்டும் என்றால் கொடைக்கானலுக்கு பஸ் ஏறி பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சிக்குப் போங்கள், கண் நிறையப் பார்த்துவிட்டு வரலாம்.

சரி, டப்பாவுக்கு வருவோம். கிழங்குகளை வகைவாரியாக பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். இதுதான் முதல் கோபம். கிழங்கு உயிருள்ள பொருள், மூச்சு விடும், கவருக்குள் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். துளை போட்ட காகிதப் பையோ வலைப்பையோ போட்டு, காய்ந்த மரத்தூளோ கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூளோ சுற்றி வைத்து அனுப்பினால் பிரச்சினையே இல்லை. டாலியாவில் ஒன்று வரும்போதே கொழகொழவென்று இருந்தது. இன்னொன்று பார்க்க நன்றாக இருந்தாலும் கழுத்தோடு ஒடிந்து வந்திருந்தது. டாலியாவின் முளைக்கண் கிழங்கின் மேல் இருக்காது, பழைய தண்டோடு சேரும் அந்தக் கழுத்துப் பகுதியில்தான் இருக்கும். அது இல்லாத கிழங்கை எத்தனை மாதம் மண்ணில் வைத்தாலும் முளைக்காது. உருளைக்கிழங்கு மாதிரி எங்கே வெட்டினாலும் வரும் என்று நினைத்து பேக் செய்கிறார்களோ என்னவோ.

கிளாடியோலஸ் முளைத்தது, இலை வாள் மாதிரி நேராக வந்தது, ஏப்ரல் பாதியில் நுனி எல்லாம் கருகியது. தண்டு முழங்கை உயரம்கூட வரவில்லை, மொட்டு விரியாமலே காய்ந்துவிட்டது. இதில் கிழங்கின் மேல் குற்றம் இல்லை, மாதம்தான் தப்பு.

ஓரியண்டல் லில்லிதான் எல்லோரையும் ஏமாற்றும். முதல் வருடம் பூத்தது, அதுவும் எப்படி! கை அகலப் பூ, மாடிப்படி வரை வாசனை. படம் எடுத்துப் போட்டால் ஐந்து ஸ்டார் கொடுக்கத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பூவில் நம் பங்கு எதுவுமே இல்லை. இந்தக் கிழங்குகளைப் பல வாரம் குளிர் அறையில் வைத்துத்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள், அந்தக் குளிர் கிடைத்ததால்தான் அது பூத்தது. இரண்டாவது வருடம் மதுரையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? இந்த வருடம் மெலிசாக ஒரு தண்டும் நாலு இலையும் வந்ததோடு சரி. பூ கடையில் காசு கொடுத்துப் பூங்கொத்து வாங்கியதாக நினைத்துக்கொண்டால் வருத்தம் இருக்காது. இன்னொன்று, வீட்டில் பூனை இருந்தால் இந்த லில்லி பக்கமே போகாதீர்கள். இலை, பூ, மகரந்தம் எதை நக்கினாலும் பூனைக்குச் சிறுநீரகம் கெட்டு உயிரே போய்விடும். டப்பாவோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அமரில்லிஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அமரில்லிஸ் என்று நாம் சொல்வது உண்மையில் தென் அமெரிக்காவின் ஹிப்பியாஸ்ட்ரம். விளம்பரப் படத்தில் நீலம், கறுப்பு, வானவில் கலர் எல்லாம் இருந்தன. நீலத்தில் ஹிப்பியாஸ்ட்ரம் கிடையாது. நீல அமரில்லிஸ் என்று சொல்லப்படுவது வோர்ஸ்லேயா என்ற வேறு செடி, பிரேசில் மலைப்பாறையில் வளர்வது, அதைக் காம்போவில் போட்டுக் கொடுக்க யாருக்கும் கட்டுப்படி ஆகாது. எனக்கு வந்த இரண்டும் சிவப்பு, அது எதிர்பார்த்ததுதான். பார்க்க வேண்டியது கலரை அல்ல, சுற்றளவை. டெய்லர் டேப்பைக் கிழங்கின் இடுப்பில் சுற்றிப் பாருங்கள். நல்ல ஏற்றுமதித் தரக் கிழங்கு 24 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். என்னுடையதில் ஒன்று 18கூட இல்லை, அது இதுவரை இலையை மட்டும்தான் காட்டுகிறது. பெரியது முதல் வருடமே பூத்தது, இதிலும் மொட்டு கிழங்குக்குள்ளேயே உருவாகி வந்ததுதான். ஆனால் லில்லி மாதிரி இல்லாமல் இது நம் வெயிலைத் தாங்கும், குளிர் அறை கேட்காது. நாலு இலைக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கில் உள்ளே மொட்டு வைத்துக்கொண்டே போகும், அதனால் பூ முடிந்ததும் இலையை வெட்டித் தள்ளுகிறவர்கள் அடுத்த வருடப் பூவையே வெட்டித் தள்ளுகிறார்கள். இலையை விட்டு, காலை வெயில் காட்டி, மாதம் ஒருமுறை மண்புழு உரமும் கொஞ்சம் பொட்டாஷும் கொடுத்ததில் இந்த ஏப்ரலில் மறுபடி பூத்தது. கழுத்து மண்ணுக்கு வெளியே தெரியும்படி நடுங்கள், முழுக்க மூடினால் மழைக்காலத்தில் அழுகும்.

இதற்கு ஒரு எதிரி இருக்கிறது, லில்லிப் புழு. கறுப்பு உடம்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளி போட்டுக்கொண்டு பார்க்க அழகாகவே இருக்கும், ஒரு ராத்திரியில் இலையை நரம்பு தெரியச் சுரண்டிவிட்டுக் கழுத்துக்குள் இறங்கிவிடும். அமரில்லிஸ், ஃபுட்பால் லில்லி, ரெயின் லில்லி, செங்காந்தள் எல்லாமே அதற்குப் பந்திதான். காலையில் கையால் பொறுக்கிப் போடுவது ஒன்றுதான் முழுப் பலன் தருகிறது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு அடித்தால் சின்னப் புழுவாக இருக்கும்போது கேட்கும், பெரிதானபின் கேட்காது.

ஃபுட்பால் லில்லி, மே ஃபிளவர் என்றும் சொல்வார்கள், பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது. ஆப்பிரிக்கச் செடி, வருடத்துக்கு ஒரே ஒரு தடவை, கோடை மழை ஒன்று விழுந்ததும் வெறும் மண்ணில் இருந்து தண்டு கிளம்பி சிவப்புப் பந்து விரியும். ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். அப்புறம் இலை, குளிர்காலத்தில் அதுவும் காய்ந்து மண் மட்டும் இருக்கும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்க்கிறவர்கள்தான் அதிகம், பெயர் எழுதி ஒரு குச்சி நட்டு வையுங்கள். அந்த நேரத்தில் தண்ணீரும் அநேகமாக வேண்டாம். அடிக்கடி தொட்டி மாற்றினால் கோபித்துக்கொண்டு ஒரு வருடம் பூக்காமல் இருக்கும்.

ரெயின் லில்லிக்கு ஆன்லைனில் காசு கொடுப்பது வீண். தெருவில் யார் வீட்டில் இருந்தாலும் ஒரு கொத்து பிடுங்கித் தருவார்கள், ஒரே வருடத்தில் தொட்டி நிறைந்துவிடும். ரோஸ், வெள்ளை, மஞ்சள் மூன்றும் வைத்தால் ஒரே மழையில் மூன்றும் சேர்ந்து வந்து நிற்கும். மழை வராவிட்டால் இரண்டு மூன்று வாரம் காயப்போட்டுவிட்டு ஒருநாள் தொட்டி நனைய நனையத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மழை என்று ஏமாந்து பூத்துவிடும்.

இப்போது சம்பங்கி. எனக்கு அதிக எரிச்சல் இதில்தான், ஏனென்றால் நிலக்கோட்டை நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, பூச்சந்தைக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது, அதை எங்கிருந்தோ கூரியரில் ஐந்து கிழங்காக வரவழைப்பதற்கு என்ன அவசியம்? வந்ததும் சமையலறைத் தராசில் வைத்தால் ஒவ்வொன்றும் 10 கிராம், 12 கிராம். பூக்கிற கிழங்கு 25 கிராமாவது இருக்க வேண்டும், விவசாயிகள் நடுவது 25 முதல் 35 கிராம் வரையிலான கிழங்குகளைத்தான். சின்னது புல் மாதிரி வளர்ந்து ஒரு வருடம் சும்மா நிற்கும், அப்படித்தான் நின்றது. அதிலும் ‘டபுள்’ என்று சொல்லி விலை அதிகம். அடுக்குச் சம்பங்கி ஜாடிக்கு அழகு, ஆனால் வாசனைக்கும் மாலைக்கும் ஒற்றை இதழ்ச் சம்பங்கிதான். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் என்ற ஒற்றை ரகம் நம் விவசாயிகளிடம் நிறைய இருக்கிறது, பூ பெரிது, மொட்டில் லேசாக ரோஸ் ஓடும்.

சம்பங்கி வயலை மூன்று வருடம் வரை வைத்திருந்துவிட்டுக் கிளறிப் புதிதாக நடுவார்கள். அந்தச் சமயம் தோட்டத்தில் போய்க் கேட்டால் கிலோ கணக்கில் கிடைக்கும், நான் அப்புறம் அப்படித்தான் வாங்கினேன். எடுத்த உடனே நடக்கூடாது, நிழலில் ஒரு மாதம் போல உலரவிட்டு, அழுகலையும் பொடியையும் கழித்துவிட்டு, அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் பொடியை லிட்டருக்கு 10 கிராம் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நட்டால் போதும். ஜூன், ஜூலை நடவுக்கு நல்ல மாதம், மூன்று மூன்றரை மாதத்தில் தண்டு வரும். ஒருமுறை பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது, அதன் பக்கத்தில் வரும் குட்டிகள்தான் அடுத்தடுத்துப் பூக்கும். ஆனைக்கற்றாழை எனும் அகேவுக்குச் சொந்தமான செடி என்பதால் அந்தக் குணம். அதனால் அகலமான க்ரோ பேக் கொடுங்கள், கொத்தாகப் பெருக இடம் வேண்டும். கோடையிலும் தண்ணீர் காட்டினால் சளைக்காமல் தண்டு விடும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாடிக்குப் போனால் எந்த ஓரியண்டல் லில்லியும் வேண்டாம் என்று தோன்றும்.

மண்ணுக்கு நான் கொடுத்தது செம்மண், மணல், மண்புழு உரம் சம அளவு, கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட்டைக் குறைவாகப் போடுங்கள், ஈரம் பிடித்துக் கிழங்கை அழுக வைப்பதில் அதற்கு நிகர் இல்லை. டப்பாவில் வந்த தாள் எல்லாவற்றுக்கும் ஆறு மணி நேர நேரடி வெயில் கேட்கிறது. அது எந்த ஊர் வெயிலோ. சம்பங்கியும் ரெயின் லில்லியும் தாங்கும், மற்றவற்றுக்குப் பதினொரு மணிக்கு மேல் பச்சை வலை நிழல் இல்லாவிட்டால் இலை வெந்துவிடும்.

அமரில்லிஸ், ஃபுட்பால் லில்லி எல்லாம் விஷக் கிழங்குகள். வெங்காயம் மாதிரியே இருக்கும், வந்த கவரைச் சமையலறை மேடையில் போட்டு வைக்காதீர்கள்.

வாடிக்கையாளர் சேவை பற்றிச் சொல்ல வேண்டுமானால், அழுகிய டாலியாவின் படத்தை அனுப்பியதும் மரியாதையாகத்தான் பேசினார்கள். பணம் திருப்பித் தர மாட்டார்களாம், பதிலுக்கு வேறு கிழங்கு அனுப்புவார்களாம். வந்தது கிளாடியோலஸ். அதுவும் மே மாதம். மண்ணில் வைக்காமல் காகிதப் பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டின் மூலையில் போட்டு வைத்து அக்டோபரில் நட்டேன், பொங்கலுக்கு முன்னால் பூத்தது. உங்களிடமும் மாதம் தவறி வந்த கிளாடியோலஸ் இருந்தால் அப்படியே செய்யுங்கள், ஆனால் ஆப்பிள், வாழைப்பழம் இருக்கும் தட்டில் மட்டும் வைக்க வேண்டாம், பழத்தில் இருந்து வரும் வாயு கிழங்கைப் பாதிக்கலாம்.