ஒரே கீபோர்டில் இரண்டு சுருதி: ஆறு வருட அனுபவம்

பாலிகார்டு (இரண்டு கார்டை, அதாவது இரண்டு சுரக்கூட்டத்தை, ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது), பாலிடோனாலிட்டி (ஒரே நேரத்தில் இரண்டு சுருதி கேட்பது) சொல்லித் தர ஆறு வருடமாக நான் பயன்படுத்துவது 61 கீ உள்ள சாதாரண கீபோர்டு. ஸ்பிளிட் வசதிக்காகவே வாங்கினேன்: இடது பாதிக்கு ஒரு டோன், வலது பாதிக்கு வேறொன்று.

முதல் பாடம் எப்போதும், ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் பெட்ருஷ்கா பாலேயில் வரும் பெட்ருஷ்கா கார்டுதான். இடது கையில் எஃப் ஷார்ப் மேஜர், வலது கையில் சி மேஜர். ஒன்று முழுக்கக் கறுப்புக் கட்டை, மற்றது முழுக்க வெள்ளை. சின்னப் பிள்ளைக்கும் விரல் உடனே படிந்துவிடும். கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், ஒரே சுருதிக்குப் பழகிய காது. இடப்பக்கம் செல்லோ, வலப்பக்கம் புல்லாங்குழல் வைத்தால் அவர்களுக்கும் பிடிபட்டுவிடும்.

இதிலுள்ள சிக்கல் இரண்டாவது வருடம்தான் தெரிந்தது. இருபக்கமும் பியானோ டோன் வைத்ததும் நன்றாகப் படிக்கும் மாணவியே திணறினாள். அதுவரை அவள் பிரித்துக் கேட்டது வாத்தியத்தை, கார்டை அல்ல. 1911-இல் அந்தப் பாலேயில் ஸ்ட்ராவின்ஸ்கி பெட்ருஷ்கா கார்டை முதலில் கொடுத்ததே ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு கிளாரினெட்டுக்குத்தான். அதனால் இப்போது மூன்றாவது வகுப்பிலேயே இருபக்கமும் கிளாரினெட். இடது பாதியை மட்டும் ஒரு ஆக்டேவ் ஏற்றிவிட்டால் இரண்டு கார்டும் ஒரே ஸ்தாயியில் உரசும், கைகள் முட்டிக்கொள்ளாது. பியானோவில் இந்தச் சௌகரியம் கிடையாது.

அப்புறம் சி செவன்த் மேல் டி மேஜர் வாசிக்கச் சொல்வேன். டி, எஃப் ஷார்ப், ஏ மூன்றும் சி-யிலிருந்து எண்ணினால் 9, ஷார்ப் 11, 13-ஆம் சுரங்களாகிக் கரைந்து, ஒரே ஜாஸ் கார்டாகக் கேட்கும். இரண்டு கார்டை அடுக்கினால் மட்டும் இரண்டு சுருதி கேட்டுவிடாது என்று அங்கே காதே சொல்லிவிடும்.

குறை என்றால், ஒரே நேரத்தில் 32 சுரம்தான் ஒலிக்கும். பெடலை மிதித்து அடுக்கினால் பழைய சுரங்கள் பட்டென்று அறுந்துவிடும். கரன்ட் போனால் ஸ்பிளிட் அமைப்பும் போய்விடும்.

போன மாதம் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் 1908-ஆம் வருடத்து முதல் பகட்டெல்லை (சின்ன பியானோ உருப்படி) எடுத்தோம். வலது கைக்கு நான்கு ஷார்ப், இடது கைக்கு நான்கு ஃபிளாட் போட்டு எழுதியது. தாளைப் பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டு சுருதி என்றார்கள். தாளைப் பார்க்காமல் கேட்ட ஒரு பையன், "மிஸ், ஒரு கட்டையில தோடி மாதிரி இருக்கு" என்றான். ஒரு கட்டை என்றால் சி சுருதி. அது ஃபிரிஜியன் சாயல் கொண்ட சி மேஜர்தான் என்று பார்டோக்கே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஃபிரிஜியன் நம் தோடியின் ஸ்கேல்தானே.