மணிக்கணக்கா, பரீட்சையா, வகுப்பறையா? அமெரிக்காவில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான ஆசிரியர் பயிற்சி: ஓர் அலசல்

டெக்ஸாஸ் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். "எச்4 ஈ.ஏ.டி. வந்துடுச்சு அக்கா, ஸ்கூல்ல வேலைக்குப் போகலாம்னு இருக்கேன், இ.எஸ்.எல். சர்டிபிகேட் எடுத்தா சீக்கிரம் கிடைக்குமாமே?" (எச்4 ஈ.ஏ.டி. என்பது எச்1பி விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி; இ.எஸ்.எல். என்பது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது.) பதிலும் உடனே வந்துவிடும்: எடுங்க, ஒரே ஒரு பரீட்சைதான். பொய்யில்லை. ஆனால் அந்தப் பரீட்சையைப் பாஸ் செய்தவருக்கும், ஃப்ளோரிடாவில் 300 மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவருக்கும், ஒரு பயிற்றுநர் நிஜப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்துவதை நாள் கணக்கில் பார்த்தவருக்கும் கையில் மிஞ்சுவது ஒன்றே அல்ல. வேலை கிடைக்க எது உதவும் என்பது ஒரு கேள்வி, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எது உதவும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளை ஆங்கிலம் கற்கும் நிலையில் இருக்கிறது, அதாவது ஐம்பது லட்சத்துக்கும் மேல். நான்கில் மூன்று பங்கு வீடுகளில் ஸ்பானிஷ். 1974-இல் சான் ஃபிரான்சிஸ்கோ சீனப் பிள்ளைகள் தொடர்பான லாவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், புரியாத மொழியில் எல்லோருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்துவிட்டு சமம் என்று சொல்ல முடியாது என்றது. ஆனால் எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் 1981-இல் டெக்ஸாஸின் ரேமண்ட்வில் ஊரிலிருந்து காஸ்டன்யேடா வழக்கு வந்தது. திட்டத்துக்கு நல்ல அடிப்படை இருக்கிறதா, அதை நடத்த ஆளும் பொருளும் இருக்கிறதா, பலன் தெரிகிறதா என்று மூன்று கேள்விகளை அந்தத் தீர்ப்பு போட்டது. இரண்டாவது கேள்வியில்தான் ஆசிரியர் பயிற்சி மாட்டுகிறது. அந்த ஊர் ஆசிரியர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது 100 மணி நேரப் பயிற்சி, அதில் சுமார் 700 ஸ்பானிஷ் சொற்கள். 700 சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு அதன் மொழியில் பாடம் நடத்த முடியுமா என்று நீதிமன்றமே சந்தேகப்பட்டது. "எத்தனை மணி நேரம்" என்ற கணக்கு அன்றைக்கே இடறியது. ஆனாலும் அதற்குப் பின் வந்த மாநிலங்கள் பல மணிக்கணக்கைத்தான் பிடித்துக்கொண்டன.

ஃப்ளோரிடா: எல்லோரும் படி, ஆளுக்கேற்ற அளவு

இந்த வகையில் அதிகம் யோசித்துச் செய்தது ஃப்ளோரிடா. தானாகச் செய்யவில்லை, மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டு 1990-இல் வாங்கியது. வழக்கை நடத்திய மெட்டா என்ற அமைப்பின் பெயரால் மெட்டா உடன்பாடு என்று ஆசிரியர்கள் வாயில் புழங்குகிறது. ஆங்கிலப் பாடம் நடத்துபவருக்கு, அதாவது தொடக்கப் பள்ளி வகுப்பாசிரியரையும் சேர்த்து, 300 மணி நேரம். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியருக்கு 60. உடற்பயிற்சி, இசை, ஓவிய ஆசிரியருக்கு 18. பள்ளி நிர்வாகிகளும் ஆலோசகர்களும்கூடத் தப்பவில்லை, அவர்களுக்கும் 60.

300 மணியை ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள்: பண்பாடு, மொழியியல், கற்பிக்கும் முறை, பாடத்திட்டமும் பாடப் பொருள்களும், மதிப்பீடு. ஒவ்வொன்றுக்கும் 60 மணி. எனக்கு இதில் பிடித்தது, ஆங்கிலம் வராத பிள்ளை "இ.எஸ்.எல். டீச்சரோட பிள்ளை" என்று தள்ளிவிட முடியாது என்பது. ஓவிய வாத்தியாருக்கும் அந்தப் பிள்ளை பொறுப்பு. இந்த எண்ணத்தைச் சட்டமாக்கியது பெரிய விஷயம். வேறு மாநிலங்களில் 25 வருடம் வேலை பார்த்த கணக்கு வாத்தியார்கூட ஒரு நாள் பயிற்சி இல்லாமல் ஓய்வு பெற முடிந்திருக்கிறது. மாசசூசெட்ஸுக்கு 2011-இல் மத்திய நீதித்துறையின் கண்டிப்பு வந்த பிறகுதான், 2012-இல் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் உள்ள வகுப்புகளின் முக்கியப் பாட ஆசிரியர்களுக்குச் சான்று கட்டாயம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிடிக்காதது? அறிவியல் ஆசிரியருக்குப் போட்ட 60. யோசித்துப் பாருங்கள், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் இருக்கும் மொழி கதைப் புத்தக மொழியைவிட லேசானதா? மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லிருந்து சொல்லிவருவது இதுதான்: விளையாட்டுத் திடல் பேச்சு ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழிக்கு ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். அப்படியானால் பிள்ளை திணறுவது உயிரியல் வகுப்பில்தான், அந்த ஆசிரியருக்கோ ஐந்தில் ஒரு பங்குப் பயிற்சி. இதைவிட வேடிக்கை, 2003-இல் உடன்பாட்டைத் திருத்தி, இ.எஸ்.ஓ.எல். (ஃப்ளோரிடாவில் இ.எஸ்.எல்.-க்கு இந்தப் பெயர்) பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு 120 மணி நேரம் படித்தால் போதும் என்று ஒரு குறுக்குவழியும் திறந்துவிட்டார்கள். 300 மணிநேரம் உட்காருபவர்களில் பலர் மாலையில் வீட்டுக் கணினியில் கலந்துரையாடல் பலகையில் "நல்ல கருத்து, ஒத்துக்கொள்கிறேன்" என்று பின்னூட்டம் போட்டு மணியைக் கழிப்பதும் ஊரறிந்த ரகசியம். மணியை எண்ணுவது சுலபம். அந்த மணிக்குப் பிறகு வகுப்பில் என்ன மாறியது என்று எண்ணுவதற்குத்தான் ஆள் இல்லை.

டெக்ஸாஸும் கலிஃபோர்னியாவும்: பரீட்சை வழி

டெக்ஸாஸில் ஏற்கெனவே ஆசிரியர் சான்று இருந்தால், இ.எஸ்.எல். துணைச் சான்றைப் பரீட்சை எழுதியே சேர்த்துக்கொள்ளலாம். கவனிக்க: "துணை". அடிப்படைச் சான்று இல்லாமல் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரும் வேலை தர மாட்டார்கள். வாட்ஸ்அப் பதில்களில் விடுபட்டுப் போவது இந்த வரிதான்.

கலிஃபோர்னியாவில் சி.டெல். (CTEL) என்று ஒரு பரீட்சை, மூன்று தாள்: மொழியும் மொழி வளர்ச்சியும், மதிப்பீடும் கற்பித்தலும், பண்பாடு. மூன்றும் பாஸானால் கிளாட் (CLAD) சான்று, அதாவது ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் தகுதி. டெக்ஸாஸ் பரீட்சையைவிட இதற்குக் கூடுதலாகப் படிக்க வேண்டும். ஆனால் 1999-இல் வந்த சட்டத்தால், அந்த மாநிலத்திலேயே புதிதாகப் படித்து வருபவர்களுக்கு இந்தப் பயிற்சி அடிப்படைப் படிப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. எனவே சி.டெல். பெரும்பாலும் வெளி மாநிலத்திலிருந்து வருபவர்களுக்கும் பழைய சான்றுக்காரர்களுக்கும்தான்.

பரீட்சை வழி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. விஷயம் தெரிந்தவருக்கு நேரம் மிச்சம். தெரியாதவர் நான்கு விடைகளில் ஒன்றைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வார், திங்கட்கிழமை காலை கௌதமாலாவிலிருந்து வந்து பின் பெஞ்சில் உட்காரும் பத்து வயதுப் பையனிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று கற்றுக்கொள்ள மாட்டார்.

அரிசோனாவையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2000-இல் இருமொழிக் கல்வியை வாக்கெடுப்பில் ஒதுக்கிவிட்டு, எல்லா ஆசிரியருக்கும் ஆங்கில மூழ்கல் முறை (எல்லாமே ஆங்கிலத்தில் நடத்துவது) சான்று கட்டாயம் என்றார்கள். அப்புறம் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளை நாளுக்கு நான்கு மணி நேரம் தனியாகப் பிரித்து இலக்கணம், சொல் என்று நடத்தினார்கள், 2019-இல்தான் அதைத் தளர்த்தினார்கள். ஆசிரியர்கள் பயிற்சி பெற்றவர்கள்தான். எதற்குப் பயிற்சி பெற்றார்கள் என்பதுதான் சிக்கல்.

சையாப், கிளாட்: பள்ளிக்குள் வரும் பயிற்சி

சையாப் (SIOP), கிளாட் (GLAD) இரண்டும் மாநிலச் சான்று இல்லை, பள்ளியோ பள்ளி மாவட்டமோ (ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) காசு கொடுத்து வரவழைக்கும் ஆசிரியர் பயிற்சி முறைகள். என் கணக்கில் அசல் போட்டியே இந்த இரண்டுக்கும் நடுவில்தான். (இந்த கிளாட் வேறு, மேலே சொன்ன கலிஃபோர்னியா சான்று கிளாட் வேறு, எழுத்தில் முதல் எழுத்து மாறும், தமிழில் எழுதினால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன.)

சையாப் ஒரு சரிபார்ப்புப் பட்டியல். எட்டுப் பகுதி, முப்பது அம்சம். வகுப்பைக் கவனித்து மதிப்பெண் போட ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது, பின்னால் பாடம் திட்டமிடும் முறையாக வளர்ந்தது. இதன் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது: பலகையில் பாட நோக்கத்தோடு மொழி நோக்கத்தையும் எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்பு மின்சுற்றுப் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட நோக்கம், "திறந்த சுற்று, மூடிய சுற்று வேறுபாடு அறிதல்". இது யாரும் எழுதுவது. மொழி நோக்கம்: "பல்ப் ஏன் எரியவில்லை என்று 'பிகாஸ்' போட்டு ஒரு முழு வாக்கியத்தில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்வேன்." இந்த இரண்டாவது வரியை எழுத உட்காரும் ஆசிரியர், அந்த வாக்கியத்தைச் சொல்ல எந்தெந்தச் சொல் வேண்டும், பிள்ளைக்கு எங்கே நாக்கு சிக்கும், பேச எத்தனை நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று தானாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வரிதான், பாடத்தின் வடிவமே மாறுகிறது.

கெடுவதும் இதே பட்டியலால்தான். தலைமையாசிரியர் கையில் அது போனால் தணிக்கைத் தாள் ஆகிவிடும். பலகையில் மொழி நோக்கம் இருக்கா? டிக். அதைப் பிள்ளைகள் செய்தார்களா என்பது அடுத்த அறைக்குப் போகும் அவசரத்தில் விட்டுப்போகும். இரண்டு நாள் பட்டறை மட்டும் நடத்திவிட்டு, ஒரு கோச்கூட வகுப்புக்குள் வராமல் சையாப் செய்துவிட்டோம் என்று அறிக்கை எழுதும் இடங்களில் மிஞ்சுவது பலகையில் இரண்டு வரி மட்டும்.

கிளாட் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் வளர்ந்தது. இரண்டு நாள் கொள்கை வகுப்பு, அதற்குப் பின் சில நாட்கள் நேரடி வகுப்பறைச் செயல்விளக்கம். காலையில் பயிற்றுநர் அந்தப் பள்ளியின் நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார், ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். மதியம் பார்த்ததை அலசித் தங்கள் பாடத்தைத் தயார் செய்வார்கள். பெரிய காகிதத்தில் பயிற்றுநர் படத்தைப் பென்சிலால் மெல்லிசாக முன்பே வரைந்து வைத்திருப்பார், பிள்ளைகளுக்குத் தெரியாது. பாடம் நடத்தும்போது பேசிக்கொண்டே அதன்மேல் கலர் மார்க்கரால் இழுப்பார். ஆற்றின் பாதை நீலத்தில் வந்துகொண்டிருக்கும்போதே "டெல்டா" என்ற சொல் அதன் நுனியில் எழுதப்படும். சொல்லும் படமும் குரலும் ஒரே நொடியில் விழுகின்றன. தயாராக அச்சடித்த படத்தைக் காட்டினால் இது நடக்காது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பயிற்றுநர் பிள்ளைகள் முன்னால் தவறுவதற்கும் தயாராக நிற்கிறார் என்பது. ஒரு பையன் எழுந்து போய்விடுவான், ஒரு குழு ஸ்பானிஷில் வேறு கதை பேசும், அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று நீங்கள் பார்க்கிறீர்கள். பவர்பாயிண்ட்டில் இது கிடைக்குமா? குறை என்றால் செலவு. அத்தனை நாளும் அத்தனை ஆசிரியருக்கும் மாற்று ஆள் போட வேண்டும். அப்புறம், உத்திகள் எண்ணிக்கையில் அதிகம். சுவர் முழுக்க சார்ட் ஒட்டி வகுப்பு திருவிழாவாகி, பிள்ளை எழுத வேண்டிய நேரத்தில் ஆசிரியர் வரைந்துகொண்டே இருப்பதும் நடக்கும்.

இரண்டில் ஒன்று என்றால்? தொடக்கப் பள்ளிக்கு கிளாட், கண்ணை மூடிக்கொண்டு. நடுநிலை, உயர்நிலைப் பாட ஆசிரியருக்கு சையாப், ஆனால் மாதம் ஒருமுறையாவது கோச் உள்ளே வந்து உட்காருவார் என்றால் மட்டும்.

இருமொழி ஆசிரியர்: இது வேறு வண்டி

மேலே சொன்னது எல்லாம் ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு. பிள்ளையின் மொழியிலேயே பாடம் நடத்த வேறு ஆள் வேண்டும். மயாமியில் கோரல் வே பள்ளி 1963-லேயே இதற்கு வழி காட்டியது: கியூபாவிலிருந்து வந்த ஆசிரியர்கள் ஸ்பானிஷில் பாதி நாள், அமெரிக்க ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் பாதி நாள், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். அகதியாக வந்தவர்களில் ஏற்கெனவே ஆசிரியர்களாக இருந்தவர்கள் கிடைத்தது அந்தப் பள்ளியின் அதிர்ஷ்டம்.

இன்று அந்த ஆட்கள் வகுப்பு உதவியாளர்களாக இருக்கிறார்கள். பிள்ளையின் மொழி தெரியும், வீடு தெரியும், அம்மாவிடம் பேசத் தெரியும், பட்டம்தான் இல்லை. அவர்களை ஆசிரியர் ஆக்கும் திட்டங்கள் சில உண்டு, போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் இருமொழி ஆசிரியர் பாதை அதில் ஒன்று. மெதுவான வழி, ஆனால் வெளியே வருபவர் அந்த ஊரிலேயே இருப்பார். கலிஃபோர்னியா 1998-இல் இருமொழிக் கல்வியை முடக்கியபோது இந்தப் பயிற்சித் துறைகளும் சுருங்கின. 2016-இல் வாக்காளர்களே தடையை நீக்கியபோது வகுப்பு நடத்த ஆள் தேட வேண்டியதாயிற்று. சட்டத்தை ஒரு நாள் வாக்கெடுப்பில் மாற்றிவிடலாம், ஆசிரியரை அப்படி வரவழைக்க முடியாது.

இன்னொன்று, வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர் ஸ்பானிஷில் பின்னம் நடத்திவிடுவார் என்பதில்லை. நம் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளிடம் பின்னத்தில் தொகுதி எது, பகுதி எது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசும் பிள்ளையே முழிக்கும். டெக்ஸாஸ் இருமொழிச் சான்றுக்குத் தனியாக ஸ்பானிஷ் பரீட்சை வைத்திருப்பது அதனால்தான். அதில் சறுக்குபவர்களுக்குத் தேவை இன்னொரு பரீட்சைக் கையேடு இல்லை, ஸ்பானிஷிலேயே கணக்கும் அறிவியலும் படிக்கும் ஒரு பருவம்.

தமிழ் தெரிந்ததால் நமக்கு இதில் இடம் உண்டா? ஒரே வகுப்பு நிலையில் ஆங்கிலம் கற்கும் ஒரே மொழிப் பிள்ளைகள் 20 பேர் பள்ளி மாவட்டத்தில் இருந்தால் இருமொழித் திட்டம் வேண்டும் என்கிறது டெக்ஸாஸ் சட்டம், ஸ்பானிஷ் மட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் சான்று பெற்ற ஆசிரியர் இல்லையென்றால் மாவட்டம் விதிவிலக்குக் கேட்கலாம். தமிழை நம்பி இறங்க வேண்டாம், இ.எஸ்.எல்.தான் நடைமுறை.

ஆகவே டெக்ஸாஸில் அடிப்படைச் சான்று கையில் இருப்பவர்கள் பரீட்சையைத் தயங்காமல் எழுதுங்கள், வேலைக்குக் கதவு அது. ஃப்ளோரிடாவில் இருந்தால், வருடங்கள் கையில் இருக்கும்போது 120 மணிக் குறுக்குவழியை விட 300 மணியே மேல்; கற்பிக்கும் முறை, மதிப்பீடு இரண்டையும் மட்டும் நேரில் வகுப்பு நடக்கும் இடமாகத் தேடிச் சேருங்கள். நேர்காணலில் "ஈ.எல். (ஆங்கிலம் கற்கும்) பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவீங்களா" என்று கேட்டால் எல்லாப் பள்ளியும் ஆமாம் என்றுதான் சொல்லும். போன வருடம் பயிற்சிக்கு யார் வந்தார், வகுப்புக்குள் எத்தனை தடவை வந்து உட்கார்ந்தார், அந்த நாட்களில் ஆசிரியர்களுக்கு மாற்று ஆள் போட்டார்களா என்று கேளுங்கள்.