பிசிறு எடுக்க மெஷினா, கையா? ஆறு வருட அனுபவம்

கோவை கணபதியில் சின்னதாக ஒரு மெஷினிங் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று விஎம்சி (கணினி ஓட்டும் மில்லிங் மெஷின்), இரண்டு சிஎன்சி லேத் (கணினி ஓட்டும் கடைசல் மெஷின்). எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் மெஷின்களுக்கான வால்வு பாடியும், உள்ளே எண்ணெய் வழிகள் துளைத்த மேனிஃபோல்டு பிளாக்கும்தான் அதிகம் ஓடும். பாதி அலுமினியம், பாதி எம்எஸ் (மைல்டு ஸ்டீல்). வெட்டிய, துளைத்த விளிம்பில் ஒட்டி நிற்கும் கூரான உலோகத் துணுக்குதான் பிசிறு. அதை எடுக்க வைப்ரேட்டர் என்ற அதிரும் தொட்டி வாங்கி ஆறு வருடம் ஆகிறது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

அதற்கு முன்பு எல்லாம் கைவேலைதான். நோகா கத்தி (பிசிறு சீவும் கைக்கத்தி), ஊசி அரம், எமரித் தாள், மூன்று பேர். காலையில் முடிந்த பீஸும் மாலை ஐந்து மணிக்கு முடிந்த பீஸும் ஒன்றுபோல இருக்காது. மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தால் கத்தி சாயும். ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கூடுதலாகச் சீவப்பட்டு, பிரஷர் டெஸ்டில் எண்ணெய் கசியும். விரலில் பிளாஸ்டர் இல்லாத நாளே கிடையாது. அந்தக் கைகளைப் பார்த்துத்தான் மெஷின் வாங்க முடிவு செய்தேன். செலவுக் கணக்கு அப்புறம் போட்டதுதான்.

வாங்கியது 300 லிட்டர் வட்டத் தொட்டி. எம்எஸ்ஸுக்குச் செராமிக் கல், அலுமினியத்துக்குப் பிளாஸ்டிக் கல். தொட்டி அதிர அதிர, கல்லும் பீஸும் சேர்ந்து புரண்டு உரசி, வெளி விளிம்பெல்லாம் ஒரே சீராக வரும். இந்த வேலையில் எனக்கு முழுத் திருப்தி. பீஸ் ஒரு பங்கு என்றால் கல் மூன்று பங்காவது வேண்டும். அவசரத்துக்குப் பீஸைக் கூட்டிப் போட்டால் அலுமினியம் ஒன்றோடொன்று முட்டி வடு விழும். எம்எஸ் பீஸை எடுத்தவுடன் துருத் தடுப்பு எண்ணெயில் முக்கிவிட வேண்டும். மறந்தால் மறுநாள் காலை செம்மண் நிறத்தில் நிற்கும்.

பெரிய அடி விழுந்தது இரண்டாம் வருடம். கல் தேயத் தேயச் சிறிதாகும் அல்லவா? 10 மில்லிமீட்டர் முக்கோணக் கல் தேய்ந்து, 8 மில்லிமீட்டர் எண்ணெய் வழிக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டது. சாய்வாகத் துளையிட்ட வழி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. அன்று இரவு ஒவ்வொரு பாடியிலும் கம்பி விட்டு, காற்று அடித்துப் பார்த்தோம். அதிலிருந்து மாதம் ஒருமுறை கல்லைச் சல்லடையில் சலிக்கிறோம், சிக்கக்கூடிய துளைகளுக்கு ரப்பர் அடைப்பு போடுகிறோம்.

தொட்டியால் தொடவே முடியாத இடம், இரண்டு துளைகள் உள்ளே சந்திக்கும் இடம். ஹைட்ராலிக்கில் ஆபத்தான பிசிறு அங்கேதான் இருக்கும். எண்ணெய் ஓட்டத்தில் பெயர்ந்து போய், வால்வுக்குள் நகரும் தண்டான ஸ்பூலில் சிக்கினால் வால்வு நின்றுவிடும். பெரிய லாட் என்றால் விஎம்சியிலேயே லாலிபாப் கட்டரை (மெல்லிய தண்டின் நுனியில் உருண்டையான வெட்டுமுனை) உள்ளே விட்டுச் சீவுகிறோம். துளைக்குச் சில நொடி கூடும், பரவாயில்லை. ஐம்பது பீஸ் ஆர்டருக்கு அந்தப் புரோகிராம் போட்டு முடிப்பதற்குள் கையால் எடுத்தே முடித்துவிடலாம்.

கை என்றதும் எங்கள் டேபிளில் 18 வருடமாக இருக்கும் ஓர் அக்காவைச் சொல்லியாக வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியைத் துளைக்குள் விட்டு, மெல்லச் சுழற்றி வெளியே எடுப்பார். பஞ்சிழை ஒன்று உள்ளே மாட்டி நின்றால் அங்கே பிசிறு இருக்கிறது. மெஷின் வந்த புதிதில் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினேன். இந்த ஆறு வருடத்தில் நான் செய்த பெரிய தவறு அதுதான். ட்ரில் மழுங்குவது முதலில் தெரிவது பிசிறில். கூரான ட்ரில் வெளியேறும் இடத்தில் மெல்லிய இழை மட்டும் நிற்கும். மழுங்கிய ட்ரில் தடித்த உதடுபோல விட்டுப்போகும். அது விரலில் பட்டதுமே, “தம்பி, ரெண்டாம் நம்பர் மிசின்ல ட்ரில்ல மாத்தச் சொல்லுங்க, பிசிறு தடிச்சு வருதுங்க” என்று குரல் கொடுப்பார். தொட்டி இழையையும் உதட்டையும் ஒன்றாகத் தேய்த்துத் தள்ளிவிடும். துளை அளவு தப்பிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. இரண்டே மாதத்தில் அவரைத் திரும்ப டேபிளுக்கு அழைத்தேன்.

பிசிறு எடுக்கும் ரோபோவையும் கோவை கொடிசியா வளாகத்தில் நடந்த இன்டெக் இயந்திரக் கண்காட்சியில் நின்று பார்த்தேன். பிசிறு தடித்த இடத்தில் ஸ்பிண்டில் காற்றழுத்தத்தில் சற்றே விட்டுக்கொடுத்துச் சீவுகிறது, அருமையான வேலை. வருடம் முழுக்க ஒரே காஸ்டிங் ஓட்டுபவர்கள் தாராளமாக வாங்கலாம். எனக்கு வாரம் ஒரு டிராயிங் மாறும். பீஸைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சர் செய்தே மாளாது.

எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் டிராயிங்கைப் பாருங்கள். ‘பிசிறு கூடாது’ என்று மட்டும் இருந்தால் பார்ட்டியிடம் விளிம்பு அளவைக் கேட்டு வாங்குங்கள். விளிம்புகளுக்கான ஐஎஸ்ஓ 13715 குறியீட்டில் கழித்தல் 0.3 (மில்லிமீட்டர்) என்றால் விளிம்பை அந்த அளவு வரை சீவலாம். கூட்டல் போட்டிருந்தால் அந்த அளவு வரை பிசிறு மிஞ்சலாம். அந்த எண் கையில் இல்லாமல் தொட்டியை எத்தனை நிமிடம் ஓட்டுவது என்றே முடிவு செய்ய முடியாது.

இப்போது எங்கள் பட்டறையில் ஒவ்வொரு 20-வது பீஸும் முதலில் அக்காவின் டேபிளுக்குப் போகும். அவர் சரி என்றால்தான் மற்றவை தொட்டியில் இறங்கும். இன்னொரு தொட்டி வாங்கும் எண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அவருக்கு ஒரு போர்ஸ்கோப் (துளைக்குள் விட்டுப் பார்க்கும் கருவி) விலை கேட்டிருக்கிறேன். கண் முன்போல இல்லை என்று தீபாவளிக்கு முன்பே சொல்லிவிட்டார்.