கண்ணி அளவு வரிசையும் ஒரு 'சிறு திருத்தமும்': விலைப்பட்டியல் பிளகின் பற்றி என் அனுபவம்

தண்டையார்பேட்டையில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்து, "அண்ணே, உங்க கடை வெப்சைட்ல இருக்கிற அந்தக் கேட்டலாக் பிளகின் பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். பிளகின் என்பது வெப்சைட்டில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்; இந்தப் பிளகினின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை.

காசிமேட்டில் எங்கள் கடை வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்கும் கடை. எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் இயங்குகிறது; அதில் 2019 முதல் இந்தப் பிளகின் ஓடுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது வரிசைப்படுத்தும் வசதிதான். வலை வாங்க வருபவர் முதலில் கேட்பது விலையை அல்ல, கண்ணி அளவை, அதாவது வலையின் துளை எவ்வளவு பெரியது என்பதை. லாஞ்சில் உட்கார்ந்தபடியே போனில் 'கண்ணி அளவு' என்பதைத் தொட்டால், எங்களிடம் உள்ள அத்தனை வலைகளும் சிறிய கண்ணியிலிருந்து பெரிய கண்ணி வரை ஒழுங்காக வந்து நிற்கும். வேறு நான்கு பிளகின்களைப் போட்டுப் பார்த்தேன். எதுவும் இவ்வளவு வேகமாகவும் சுத்தமாகவும் இதைச் செய்யவில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதி முடியும் என்பதால் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் படகுக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வலை தேடுவார்கள். அந்த நாட்களில் இந்த ஒரு வசதி எங்களுக்கு இரண்டு ஆள் வேலையை மிச்சப்படுத்தியது.

திருடர்கள் நுழைந்த பாதுகாப்பு ஓட்டையும் அந்த வசதியிலேயே இருந்தது என்பதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

2024 ஜூன் முதல் வாரத்தில் இரவு நேரங்களில் தளம் இழுத்துக்கொண்டு நின்றது. கூட்டம் அதிகம் என்று நினைத்தோம். பிறகு திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கே நேரில் வந்து, "உங்க கடையிலிருந்து பேசுறோம்னு சொல்லி, நான் கேட்ட வலைக்கு அட்வான்ஸ் போடச் சொன்னாங்களே, நீங்கதானா?" என்று கேட்டார். அவர் எத்தனை கட்டு வலை கேட்டார் என்பதுகூடப் பேசியவருக்குத் தெரிந்திருந்தது. அந்த விவரம் எங்கள் தரவுத்தளத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது.

பெரம்பூரில் இருக்கும் சர்வர் வேலை தெரிந்த நண்பர் வந்து, தளத்துக்கு வரும் கோரிக்கைகளெல்லாம் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்து காட்டினார். 'கண்ணி அளவு' என்ற பெயர் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் தரவுத்தளத்துக்கு இடும் நீளநீளமான எஸ்கியூஎல் கட்டளைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 'ஸ்லீப்(5)', அதாவது ஐந்து விநாடி தூங்கு, என்று ஒரு துண்டு. வாடிக்கையாளர் எழுதித் தரும் சீட்டில் 'வலை இரண்டு கட்டு' என்பதற்குக் கீழே 'கல்லாவைத் திறந்து காட்டு' என்று இருந்தால், கடைப் பையன் அதையும் படித்து அப்படியே செய்வதைப் போன்றது இது. ஆனால் இங்கே கல்லாவில் இருப்பதைத் திரையில் காட்டக்கூட வேண்டியதில்லை. 'இந்தத் தொலைபேசி எண்ணின் முதல் இலக்கம் ஐந்துக்கு மேலா? ஆமென்றால் ஐந்து விநாடி தூங்கு' என்று தரவுத்தளத்திடம் கேட்கிறார்கள். பதில் தாமதமாக வந்தால் ஆம், உடனே வந்தால் இல்லை. ஒரு இலக்கத்தைப் பிடிக்க அதிகபட்சம் நான்கு கேள்விகள் போதும், கேட்பதும் மனிதர் அல்ல, நிரல். கூட்டம் என்று நாங்கள் நினைத்த தாமதமெல்லாம் அந்த ஐந்து விநாடிகள்தான். மூன்று இரவுகளில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயரும் எண்ணும் போய்விட்டன.

பிளகினின் நிரலை எழுதியவர்கள், மேற்கோள் குறிகளைத் தடுத்தாலே கட்டளை எதுவும் உள்ளே நுழையாது என்று நம்பியிருந்தார்கள். உள்ளே வரும் மேற்கோள் குறிகளுக்கு முன்னால் வேர்ட்பிரஸ் தானாகவே பின்சாய்வுக் கோடு சேர்த்து அவற்றைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆனால் வரிசைப்படுத்தும் இடத்தில் நுழைய மேற்கோள் குறியே தேவையில்லை. மதிப்புகளைப் பாதுகாப்பாகச் சேர்க்க வேர்ட்பிரஸ் தரும் 'ப்ரிப்பேர்' என்ற வழியில், 'கண்ணி அளவு' போன்ற நெடுவரிசைப் பெயரைச் சேர்ப்பதற்கான குறி 2023இல் வேர்ட்பிரஸ் 6.2 பதிப்பில்தான் வந்தது. அதை நான் ஒரு சாக்காக ஏற்க மாட்டேன். அனுமதிக்கப்பட்ட ஐந்தாறு பெயர்களை ஒரு பட்டியலில் வைத்து, அதில் இல்லாதது எது வந்தாலும் தள்ளிவிடுவதற்கு எந்தப் புதிய பதிப்பும் வேண்டாம். இப்படி எஸ்கியூஎல் கட்டளையை இடையில் நுழைக்கும் தாக்குதல், ஹேக்கர்களின் இணைய இதழான ஃபிராக்கில் 1998 டிசம்பரிலேயே விளக்கப்பட்டுவிட்டது. 2024 பிப்ரவரியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த அல்டிமேட் மெம்பர் என்ற உறுப்பினர் பதிவுக்கான பிளகினிலும் ஓட்டை வரிசைப்படுத்தும் இடத்தில்தான் இருந்தது, அது 2.8.3 பதிப்பில் சரிசெய்யப்பட்டது.

நியாயமாகச் சொன்னால், எங்கள் பிளகின்காரர்களும் ஓட்டையை அடைத்திருந்தார்கள், அதுவும் எங்கள் தளம் தாக்கப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே. புதிய பதிப்பு என் டாஷ்போர்டில் (தளத்தை நிர்வகிக்கும் பக்கத்தில்) காத்துக்கொண்டிருந்தது. அதன் குறிப்பில் 'சிறு பிழைகள் திருத்தப்பட்டன' என்று மட்டும் இருந்தது. முந்தைய ஆண்டு இப்படி ஒரு சிறு திருத்தத்தைப் போட்டபோது பக்கத்தின் அமைப்பே கலைந்து இரண்டு நாள் வியாபாரம் கெட்டதால், சீசன் முடியட்டும் என்று தள்ளிவைத்தேன். தள்ளிவைத்தது என் தவறு. பிளகின்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி 2020இல் வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலேயே வந்திருந்தும் நான் அதை இயக்கவில்லை. ஆனால் அந்தக் குறிப்பில் 'பாதுகாப்பு' என்ற ஒரு சொல் இருந்திருந்தால் அன்றிரவே போட்டிருப்பேன். அடைத்த ஓட்டை எது என்று பழைய, புதிய நிரல்களை ஒப்பிட்டுத் திருடர்கள் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்; மறைத்ததால் தெரியாமல் போனது காசு கொடுத்து வாங்கிய எங்களுக்குத்தான். அப்பா கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நாற்பது வருடப் பழக்கமுள்ளவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பிளகின் எங்கள் தளத்தில்தான் இருக்கிறது. தானாகப் புதுப்பிப்பதை இயக்கிவிட்டேன், வாடிக்கையாளர் எண்களை வாரம் ஒருமுறை தளத்திலிருந்து அழித்துவிடுகிறேன். கண்ணி அளவை இதைப்போல வரிசைப்படுத்தித் தரும் இன்னொன்று இன்னும் கிடைக்கவில்லை, வேலையில் குறையே இல்லை. நண்பருக்கு மட்டும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நோட்டுக்கும் பேனாவுக்கும் கண்ணி அளவு கிடையாது. அவருடைய கடைக்கு விலைப்பட்டியலை ஒரு சாதாரணப் பக்கமாகப் போட்டாலே போதும்.